ஓபிஜியில் கீழ்த்தாடை நரம்புக்கு இரட்டைக் கோடு: இரண்டாவது கேனாலா, வெறும் நிழலா?

#1 நிழல்படம்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கேஸில் உங்கள் கருத்து வேண்டும்.

46 வயதுப் பெண். 36 (இடது கீழ் முதல் கடைவாய்ப் பல்) எடுத்து ஆறு வருடம் ஆகிறது, அந்த இடத்தில் இம்பிளான்ட் கேட்டிருக்கிறார்கள். அதே பக்கம் 38 (ஞானப்பல்) முன்பக்கமாகச் சாய்ந்து புதைந்திருக்கிறது, அதையும் எடுக்க வேண்டும். ஓபிஜியில் (முழுத்தாடை எக்ஸ்-ரே) இரண்டு பக்கமும் கேனால் (கீழ்த்தாடை நரம்பு ஓடும் எலும்புக் குழாய்) இரட்டையாகத் தெரிகிறது.

வலப்பக்கம்: லிங்குலாவை (கேனால் வாசலில் உள்ள எலும்பு நீட்சி) ஒட்டித் தொடங்கும் ஒரு கருங்கோடு, மெயின் கேனாலுக்கு அடியில் சரிவாக இறங்கி 47க்கு (வலது கீழ் இரண்டாம் கடைவாய்ப் பல்) கீழே கரைந்து போகிறது. இடப்பக்கம்: 38க்குப் பின்னால் மெயின் கேனாலிலிருந்து ஒரு மெல்லிய கோடு மேலே வளைந்து ரெட்ரோமோலார் பகுதியில் (கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால்) முடிகிறது.

சிபிசிடி (முப்பரிமாண ஸ்கேன்) எடுத்தாகிவிட்டது. 8×8 செ.மீ., 0.2 மி.மீ. வோக்சல் (ஸ்கேன் படத்தின் மிகச் சிறு கனசதுரம்). ரிப்போர்ட் எழுத வேண்டியது நான். பாடப் புத்தகம் பைஃபிட் (இரண்டாகப் பிரிந்த) கேனால் நூற்றில் ஒருவருக்கு என்கிறது, கட்டுரைகளைப் புரட்டினால் 65 சதவீதம் வரை போகிறது. எதை நம்புவது? இரண்டு பக்கமும் பைஃபிட் என்று எழுதிவிடலாமா?

#2 பழைய_ஃபிலிம்

ஓபிஜிக் கோட்டுக்குப் பெயர் வைக்காதீர்கள். ஸ்கேனைத் திறங்கள்.

#3 பழைய_ஃபிலிம்

மேலே சொன்னது சற்றுச் சுருக்கமாகப் போய்விட்டது. காரணத்தையும் சொல்கிறேன்.

உங்கள் வலப்பக்கக் கோடு எனக்கு மைலோஹயாய்டு க்ரூவ் போலத்தான் படுகிறது. கீழ்த்தாடை நரம்பு உள்ளே நுழைவதற்குச் சற்று முன்னால் மைலோஹயாய்டு நரம்பு அதிலிருந்து பிரிந்து, ரேமஸின் (தாடையின் பின்பக்கச் செங்குத்துப் பகுதி) உள்முகத்தில் ஒரு பள்ளத்தை ஒட்டி முன்னும் கீழுமாகச் சரிகிறது. அந்தப் பள்ளமும் கேனாலும் கிட்டத்தட்ட ஒரே புள்ளியில் தொடங்குவதால் ஓபிஜியில் கவட்டை போல விரியும். பார்ப்பவர் கண்ணுக்கு அச்சு அசலாகப் பைஃபிட். கீழ்க்கோடு முன்னால் வர வர வெளுத்துப்போனால் முதலில் க்ரூவைச் சந்தேகியுங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. சிலருக்கு அந்தப் பள்ளத்தின் மேல் எலும்புப் பாலம் மூடியிருக்கும். அப்போது ஆக்ஸியலில் (கிடைமட்ட வெட்டு) முழு வட்டமாகவே தெரியும். ஆனால் அந்த வட்டம் உள்பக்கக் கார்டெக்ஸின் (எலும்பின் கெட்டியான வெளி ஓடு) தோலோடு ஒட்டியிருக்கும், மஜ்ஜைக்குள் இருக்காது. பார்க்க வேண்டியது வட்டமா இல்லையா என்பதை அல்ல, அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை.

ஓபிஜி ஏமாற்ற வேறு வழிகளும் உண்டு. எதிர்ப்பக்கத் தாடையின் மங்கலான கோஸ்ட் நிழல், வரிசையாக அமைந்த ட்ரபெகுலே (எலும்பின் உள்ளே உள்ள நுண் இழைகள்), கேனாலின் மேல்கரை இரண்டாகத் தெரிவது. எக்ஸ்-ரே குழல் கீழிருந்து மேல்நோக்கிச் சாய்வாகக் கதிரை அனுப்புவதால், நாக்குப் பக்கம் இருப்பது உண்மையில் உள்ளதைவிடப் படத்தில் உயரத்தில் விழும். அதனால்தான் நாக்குப் பக்கம் ஓடும் கேனால் ஓபிஜியில் வேர் மேல் ஏறி உட்கார்ந்தது போலத் தெரிகிறது.

இனி 1 சதவீதமும் 65 சதவீதமும். 1985இல் லாங்லே குழுவினர் 6000 ஓபிஜிகளைப் பார்த்து 0.95 சதவீதம் என்றார்கள். 2009இல் நைட்டோ குழுவினர் 122 பேரின் சிபிசிடியில் 65 சதவீதம் என்றார்கள். மறு வருடமே வேறொரு ஜப்பானியக் குழு, அதுவும் சிபிசிடியில்தான், 15.6 சதவீதம் என்றது. மனிதத் தாடை மாறிவிடவில்லை. ஒருவர் ஆளை எண்ணுகிறார், ஒருவர் பக்கத்தை எண்ணுகிறார். ஒருவர் கடைவாய்ப் பல் வேருக்குப் போகும் அரை மில்லிமீட்டர் கிளையையும் கணக்கில் சேர்க்கிறார், ஒருவர் பெரிய கிளைகளை மட்டும். ஆகவே ரிப்போர்ட்டில் சதவீதத்துக்கு வேலையே இல்லை. உங்கள் முன்னால் இருப்பது ஒரு தாடை.

#4 பல்லாங்குழி

நான் ஜெனரல் ப்ராக்டிஸ். இந்த டைப் 1, டைப் 2 வகைப்பாடு எல்லாம் தெரிந்து எங்களுக்கு என்ன ஆகப்போகிறது சார்? ரிப்போர்ட்டில் "லாங்லே டைப் 2" என்று வருகிறது, பிறகு அதை நான் கூகுளில் தேடவேண்டியிருக்கிறது.

#5 பழைய_ஃபிலிம்

நியாயமான கேள்வி. வகை எண்ணை எழுதுகிறவர் அது எங்கிருந்து எங்கே போகிறது என்பதையும் எழுதியாக வேண்டும். லாங்லேயின் நான்கு வகை ஓபிஜியை வைத்து வந்தது: கிளை கடைசிக் கடைவாய்ப் பல் பக்கம் போவது 1, மெயினுக்கு இணையாக ஓடித் திரும்பச் சேர்வது 2, இவை இரண்டும் கலந்தது 3, இரண்டு தனித்தனி வாசலில் நுழைந்து ஒன்றாவது 4. நைட்டோவின் வகைப்பாடு திசையை வைத்து: ரெட்ரோமோலார், பல்லுக்குப் போவது, முன்னோக்கிப் போவது, கன்னப்பக்கம்-நாக்குப்பக்கமாகப் பிரிவது. கை வேலை செய்கிறவருக்கு இரண்டாவதுதான் உதவும், ஏனென்றால் திசைதான் ஆபத்து எங்கே என்று சொல்கிறது.

ஏன் இப்படிப் பிரிகிறது என்பதற்கு 1996இல் சாவேஸ்-லோமெலி குழு கருவில் உள்ள சிசுக்களின் தாடைகளைப் பார்த்து ஒரு விளக்கம் தந்தது. முன்பற்களுக்கு ஒன்று, பால் கடைவாய்ப் பற்களுக்கு ஒன்று, நிரந்தரக் கடைவாய்ப் பற்களுக்கு ஒன்று என மூன்று குழாய்கள் தனித்தனியே தோன்றிப் பிறகு ஒன்று சேர்கின்றன. சேர்வது முழுமையடையாத இடத்தில் கிளை மிஞ்சுகிறது. மூன்றாகப் பிரிந்த கேனால் அபூர்வமாகத் தென்படுவதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

#6 வோக்சல்காரன்

நிழல்படம் மேடம், ஸ்கேன் கையில் இருப்பதால் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். எந்த மென்பொருளானாலும் வரிசை இதுதான்.

முதலில் வால்யூமை நேராக்குங்கள். பற்களின் கடிதளம் கிடைமட்டமாகவும், கொரோனலில் (முன்பக்கமாகப் பார்க்கும் வெட்டு) இரண்டு பக்கமும் ஒரே மட்டத்திலும் இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் எடுக்கும் எல்லா அளவும் சாய்ந்த அளவு.

பிறகு பனோரமிக் வளைவுக்கு (தாடை வளைவை விரித்துக் காட்டும் காட்சி) போகாதீர்கள், எல்லோரும் அங்கேதான் தப்புப் பண்ணுகிறார்கள். ரேமஸில் கேனால் செங்குத்தாக இறங்குகிறது, அதனால் அங்கே வட்டமாக வெட்டுவது ஆக்ஸியல் ஸ்லைஸ்தான். பாடிக்கு (தாடையின் கிடைப் பகுதி) வந்ததும் கேனால் படுத்துக்கொள்கிறது, அங்கே வட்டமாகக் காட்டுவது தாடைக்குக் குறுக்கே வெட்டும் க்ராஸ் செக்‌ஷன். ஆகவே லிங்குலாவுக்கு மேலே ஆக்ஸியலில் தொடங்கி ஒவ்வொரு ஸ்லைஸாக இறங்குங்கள். உள்ளே நுழைவது ஒரு வாசலா, இரண்டா? நுழைந்த பிறகு வட்டத்திலிருந்து இன்னொரு சின்ன வட்டம் கழன்று வருகிறதா? 38 பக்கம் வந்ததும் க்ராஸ் செக்‌ஷனுக்கு மாறி, 1 மி.மீ. இடைவெளி, 1 மி.மீ. தடிமனில் மென்டல் ஃபொராமென் (நரம்பு உதட்டுப் பக்கம் வெளியே வரும் துளை) வரை போங்கள்.

பனோரமிக் ஸ்லாப் பல மென்பொருள்களில் 10 முதல் 20 மி.மீ. தடிமனோடு வந்து நிற்கும். அந்தத் தடிமனில் 1 மி.மீ. கிளை கரைந்து போய்விடும். 1 அல்லது 2க்குக் குறைத்துப் பாருங்கள். வளைவை ரெட்ரோமோலார் வரை நீட்டிப் போட மறந்தால் உங்கள் இடப்பக்கக் கிளை படத்திலேயே வராது. அந்தக் கிளைக்குச் சரியான வெட்டு, ரேமஸுக்கு இணையாகத் திருப்பிய சஜிட்டல் (பக்கவாட்டு வெட்டு).

இது உண்மையான கேனால்தான் என்று நான் எழுத மூன்று விஷயம் ஒத்துவர வேண்டும். ஒரு முனையாவது மெயின் கேனாலிலோ எலும்பின் வெளிவாசலிலோ சேர வேண்டும். இரண்டு தளத்தில் தெரிய வேண்டும். அடுத்தடுத்த ஸ்லைஸில் அறுபடாமல் ஓட வேண்டும். மஜ்ஜை இடைவெளி அப்படி ஓடாது, இரண்டு மூன்று ஸ்லைஸில் வடிவம் மாறி முட்டி நின்றுவிடும். வெள்ளைக் கரை இருந்தால் நல்லது, ஆனால் இல்லையென்று ஒதுக்காதீர்கள். மெயின் கேனாலுக்கே பல இடங்களில், குறிப்பாக முன்பக்கம் போகப் போக, கரை தெளிவாக இருப்பதில்லை.

இன்னொன்று. நெர்வ் ட்ரேஸ் போட்டதும் வரும் வண்ணக் குழாய் நீங்கள் வைத்த புள்ளிகளின் மேல் மென்பொருள் வரைந்த பொம்மை. அதன் விட்டம் முன்கூட்டியே வைத்த எண், பேஷண்டின் கேனால் அளவு அல்ல. பக்கத்தில் ஓடும் சின்னக் கிளையை அந்தக் குழாயே மூடிவிடும். பார்த்து முடித்த பிறகு ட்ரேஸ் போடுங்கள், அளக்கும்போது அணைத்துவிடுங்கள்.

#7 பல்லாங்குழி

0.2 வோக்சல் போதுமா? 0.1இல் மறுபடி எடுக்கச் சொல்லலாமே.

#8 வோக்சல்காரன்

வேண்டாம். 1 மி.மீ. கிளைக்கு 0.2இல் குறுக்கே ஐந்து வோக்சல் கிடைக்கிறது, அது போதும். 0.4இல் எடுத்திருந்தால் இரண்டரைதான், அங்கே சந்தேகம் நியாயம். தவிர வோக்சலைச் சின்னதாக்கினால் தெளிவு தானாகக் கூடிவிடாது. ஒவ்வொரு வோக்சலுக்கும் கிடைக்கும் சிக்னல் குறைந்து படம் மணல் தூவியது போல ஆகும். அதைச் சரிக்கட்ட மில்லிஆம்பியரையும் நேரத்தையும் ஏற்றினால் டோஸ் ஏறும், நேரம் நீண்டால் பேஷண்ட் அசைவார். அசைந்த ஸ்கேனில் ஒற்றைக் கார்டெக்ஸ் இரட்டையாகத் தெரியும், அப்புறம் எல்லோருக்கும் பைஃபிட்தான்.

டோஸ் கணக்கையும் மனதில் வையுங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் 2012 வழிகாட்டியில் ஓபிஜிக்கு 2.7 முதல் 24.3 மைக்ரோ சீவர்ட், பல்-எலும்பு அளவு சிபிசிடிக்கு 11 முதல் 674 வரை. மெஷினையும் ஃபீல்டையும் பொறுத்து இவ்வளவு வீச்சு. மறுபடி எடுக்கும் முன் கையில் இருப்பதை ஒழுங்காகப் பாருங்கள்.

உலோகக் க்ரௌன் இருந்தால் அதற்குப் பக்கத்தில் வரும் கருப்புப் பட்டையையும் கேனாலாக நினைக்க வேண்டாம். ஆக்ஸியலில் அது இரண்டு உலோகத்துக்கு நடுவே நேர்கோடாக ஓடும், எலும்புக்கு வெளியேயும் தொடரும். கேனால் எலும்பைத் தாண்டாது.

#9 யாழ்_விறைப்பூசி

வணக்கம் டொக்டர்மார். இதோடு தொடர்புடைய ஒரு கேள்வி. விறைப்பு ஊசி போட்டால் உதடு நன்றாக விறைக்கிறது, ஆனால் 46இல் ட்ரில் வைத்தவுடன் நோகிறது என்கிறார்கள். இரண்டாம் முறை போட்டும் அப்படித்தான். இதற்கு இரட்டைக் குழாய்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமோ?

#10 எலிவேட்டர்

எடுத்துக்கொள்ள வேண்டாம், கடைசியாக யோசிக்க வேண்டிய காரணம் அது. முதலில் டெக்னிக், அடுத்து அழற்சி, அப்புறம்தான் அனாட்டமி.

ஊசி கடிதளத்துக்கு 6 முதல் 10 மி.மீ. மேலே நுழைந்து, 20 முதல் 25 மி.மீ. ஆழத்தில் எலும்பைத் தொட்டதா? தொட்டபின் 1 மி.மீ. பின்வாங்கி, ஆஸ்பிரேட் செய்து (இரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்த்து), 1.5 மி.லி.யை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் விட்டீர்களா? பாதி ஆழத்திலேயே எலும்பு தட்டினால் ஊசி முன்னால் தள்ளிப் போய்விட்டது என்று அர்த்தம்.

உதடு விறைத்து பல் மட்டும் நோகிறதென்றால் மெயின் நரம்பு மரத்துவிட்டது. அப்போது பல்ப் (பல்லின் உள்ளே உள்ள நரம்புத் திசு) வீக்கமா என்று பாருங்கள். கொதித்துக்கொண்டிருக்கும் பல்ப்பில் நல்ல ப்ளாக்கும் (நரம்பை மரக்கவைக்கும் ஊசி) தோற்கும். அது இல்லையென்றால் மைலோஹயாய்டு நரம்பு வழியாக உணர்வு போகலாம், நாக்குப் பக்கம் அந்தப் பல்லின் வேர்நுனி மட்டத்தில் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். 46க்குக் கன்னப்பக்கம் 4 சதவீத ஆர்ட்டிகெயின் இன்ஃபில்ட்ரேஷன் பெரும்பாலும் மீதியை முடித்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் பல்லைச் சுற்றியுள்ள லிகமென்ட் ஊசி.

இரண்டு வாசல் உள்ள தாடையில், மேல் வாசலில் நுழையும் கிளை வழக்கமான ப்ளாக்குக்கு எட்டாமல் போகலாம். அதற்குப் பதில் அதே இடத்தில் மூன்றாவது கார்ட்ரிட்ஜ் அல்ல, உயரத்தில் போடும் கௌ-கேட்ஸ். காண்டைலின் (தாடை மூட்டு முனை) கழுத்தைக் குறிவைத்து, வாயை அகலத் திறந்தபடியே போட்டு, போட்ட பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் திறந்தே வைக்கச் சொல்லுங்கள். பிடிக்க 5 முதல் 10 நிமிடம் ஆகும். வாய் திறக்க முடியாதவருக்கு அகினோசி, அதாவது வாய் மூடியபடியே போடும் ப்ளாக்.

#11 யாழ்_விறைப்பூசி

மிக்க நன்றி. மூன்றாவது கார்ட்ரிட்ஜ் பற்றிச் சொன்னது நெஞ்சில் தைத்தது.

#12 எலிவேட்டர்

நிழல்படம் கேஸுக்கு வருகிறேன். இடப்பக்கம் சொன்னது ரெட்ரோமோலார் கேனாலாக இருந்தால் 38 எடுக்கும் சர்ஜனுக்கு அது முக்கியம். அதற்குள் வெறும் நரம்பு மட்டும் இல்லை, தமனியும் சிரையும் உண்டு. அது ரெட்ரோமோலார் மேட்டில் ஒரு சிறு துளை வழியாக வெளியே வருகிறது. நாம் ஃப்ளாப்பின் (விலக்கும் ஈறு மடிப்பு) பின்கீறலைப் போடுகிற இடமும் அதுதான்.

வெட்டும்போது திடீரென்று எலும்பிலிருந்து ஒரு புள்ளியில் இரத்தம் ஊறினால் பதற வேண்டாம். காஸை வைத்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் அந்தத் துளையின் வாயில் மட்டும் பருக்கையளவு போன் வாக்ஸ். வாக்ஸைத் துளைக்குள் திணிக்கக் கூடாது. ஆக்ஸிடைஸ்டு செல்லுலோஸ் அமிலத்தன்மை உள்ளது, மெயின் நரம்பு திறந்து தெரியும் சாக்கெட்டுக்குள் அதைப் போட்டுவிட்டு வருவது நல்ல பழக்கம் அல்ல. ரேமஸிலிருந்து எலும்புத் துண்டு எடுத்து க்ராஃப்ட் வைக்கிறவர்களும் இந்தக் கிளையை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஓபிஜியில் வேருக்கும் கேனாலுக்கும் உள்ள உறவைப் பார்க்க ரூட், ஷெஹாப் இருவரும் 1990இல் தொகுத்த ஏழு அடையாளங்களில் மூன்று கனமானவை: வேர் கருத்துப்போதல், கேனாலின் வெள்ளைக் கோடு அறுந்துபோதல், கேனால் திசை மாறுதல். சிபிசிடியில் நான் முதலில் பார்ப்பது, வேருக்கும் கேனாலுக்கும் நடுவே எலும்பு இருக்கிறதா என்பதை. இல்லையென்றால் கேனால் எந்தப் பக்கம்? நாக்குப் பக்கமா, இரண்டு வேருக்கு நடுவிலா? நடுவில் என்றால் பல்லைத் துண்டாக்கும் விதமே மாறும், அல்லது கரோனெக்டமிக்கு (பல்லின் மேல்பகுதியை மட்டும் எடுத்து வேரை விட்டுவைப்பது) போக வேண்டும். கரோனெக்டமியில் வேரை எலும்பு விளிம்புக்கு 3 மி.மீ. கீழே வரை தேய்க்க வேண்டும். வேர் ஆடிவிட்டால் விட்டுவைக்க முடியாது, எடுத்தே ஆக வேண்டும்.

இரட்டைக் கேனாலில் ஏமாற்றம் எங்கே வருகிறதென்றால், மெயின் கேனால் கீழே தள்ளிப் பத்திரமாக இருக்கிறது என்று ரிப்போர்ட் சொல்லும். வேரை ஒட்டிக் கிளை ஒன்று ஓடும், அதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

#13 டார்க்_35

36 இம்பிளான்ட் பற்றி யாரும் பேசவில்லையே. அங்கே க்ராஸ் செக்‌ஷனில் என்ன தெரிகிறது? மெயின் கேனாலுக்கு மேலே ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். ரெட்ரோமோலார் கிளை உள்ளவருக்கு வேறு கிளை இருக்கக் கூடாது என்று சட்டமில்லை.

#14 நிழல்படம்

பார்த்துவிட்டேன். இருக்கிறது!

வலப்பக்கம் பழைய_ஃபிலிம் சார் சொன்னது போலவேதான். ஆக்ஸியலில் உள்பக்கக் கார்டெக்ஸில் திறந்த வாய்க்கால், மஜ்ஜைக்குள் எதுவும் இல்லை. இடப்பக்கம் ரெட்ரோமோலார் கிளை உண்மை, 38க்குப் பின்னால் மேட்டில் துளையாகத் திறக்கிறது. அத்தோடு 37 பகுதியில் மெயினிலிருந்து இன்னொரு கிளை பிரிந்து, மெயினுக்கு மேலே முன்னோக்கி ஓடி, 35க்குக் கீழே மங்கிவிடுகிறது. திரும்பச் சேரவில்லை. ஓபிஜியில் இதன் சுவடே இல்லை.

36 நடுவில்: க்ரெஸ்டிலிருந்து (எலும்பு மேட்டின் உச்சி) கிளையின் மேல்கரை வரை 11.9 மி.மீ., கிளையின் விட்டம் 1.1, க்ரெஸ்டிலிருந்து மெயின் கேனால் மேல்கரை வரை 14.6.

#15 டார்க்_35

அப்படியானால் 2 மி.மீ. பாதுகாப்பு இடைவெளியை எந்தக் கரையிலிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி. நான் கிளையின் கரையிலிருந்து எடுப்பேன். 1 மி.மீ. குழாய்க்குள் இருப்பது நரம்பா, இரத்தக்குழாயா, எவ்வளவு உணர்வைத் தூக்குகிறது என்பதை சிபிசிடி சொல்லாது. சிபிசிடி காட்டுவது எலும்புக் குழாயை, நரம்பையே பார்க்க எம்ஆர்ஐ வேண்டும்.

ட்ரில்லையும் மறக்காதீர்கள். பல கம்பெனி ட்ரில்களில் 10 என்ற கோடு வரை இறக்கினால் கூர்முனை அதற்கும் கீழே போயிருக்கும், சிலவற்றில் 1 மி.மீ. அளவுக்கு. இம்பிளான்ட் 10 மி.மீ.தான், குழி 11 மி.மீ. கையேட்டில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

#16 எலிவேட்டர்

இங்கே நான் மாறுபடுகிறேன். அந்தக் கிளை இல்லாத 36க்கும் பக்கத்துப் பற்களுக்கும் போகிற கிளையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அது அறுந்தால் கொஞ்சம் இரத்தம் வரும், உதடு மரக்காது. ஒவ்வொரு சின்னக் கிளைக்கும் 2 மி.மீ. விட ஆரம்பித்தால் கீழ்த்தாடையில் பாதிப் பேருக்கு இம்பிளான்டே வைக்க முடியாது. மெயினுக்கு 2 மி.மீ., கிளைக்கு "தெரிந்து வைத்துக்கொள்" என்பதே போதும்.

#17 டார்க்_35

வாய்ப்பு அதிகம் என்பது சரி. 35க்குக் கீழே மங்கும் கிளை, அங்கே ஒரு துணை மென்டல் ஃபொராமென் வழியாக வெளியே வந்தால் உதட்டுக்குப் போகிறது என்று ஆகிவிடுமே. அதைப் பார்க்காமல் அறுக்கலாம் என்று சொல்ல முடியாது. நிழல்படம், மென்டல் ஃபொராமெனுக்குப் பின்னும் கீழும் கன்னப்பக்கக் கார்டெக்ஸில் இன்னொரு சிறு துளை இருக்கிறதா?

தவிர, 8 மி.மீ. இம்பிளான்ட் வைத்து வேலை முடியுமானால் 10க்காக இந்த வழக்கே வேண்டாம்.

#18 பழைய_ஃபிலிம்

இதைச் சரியாகக் கேட்டீர்கள். துணை மென்டல் ஃபொராமென் என்று சொல்ல, அந்தத் துளை கீழ்த்தாடைக் கேனாலோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். தொடர்பில்லாதது வெறும் ஊட்டத்துளை. க்ராஸ் செக்‌ஷனில் துளையிலிருந்து உள்ளே பின்தொடர்ந்தால் தெரிந்துவிடும். 3டி ரெண்டரிங்கை மட்டும் நம்ப வேண்டாம், த்ரெஷோல்டைக் கொஞ்சம் நகர்த்தினால் மெல்லிய கார்டெக்ஸில் இல்லாத துளை முளைக்கும், இருக்கும் துளை மூடும்.

இம்பிளான்ட் வேலை முன்னோக்கிப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மென்டல் ஃபொராமென் பெரும்பாலும் இரண்டாம் ப்ரிமோலாருக்கு (முன்கடைவாய்ப் பல்) நேர் கீழேயோ இரண்டு ப்ரிமோலாருக்கு நடுவிலேயோ இருக்கும். நரம்பு நேரே வெளியே வராமல், துளையைத் தாண்டி முன்னால் போய்ப் பின்னால் திரும்பி வரலாம், அதுதான் ஆன்டீரியர் லூப். ஓபிஜியில் லூப்பை அளக்க முடியாது. இருப்பதைக் காட்டாது, இல்லாததைக் காட்டும். முன்னால் தொடரும் இன்சிசிவ் கேனாலையும் லூப்பையும் சிபிசிடியிலேயே சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். துளைக்கு முன்னால் உள்ள க்ராஸ் செக்‌ஷனில் ஒரு வட்டம் என்றால் இன்சிசிவ். மேலும் கீழுமாக இரண்டு வட்டம் என்றால், அந்த இரண்டும் ஒன்றாகும் ஸ்லைஸ் வரை லூப்.

பல் முழுக்கப் போன தாடையில் எலும்பு தேய்ந்து மென்டல் ஃபொராமென் மேட்டின் உச்சிக்கே வந்திருக்கும். அங்கே க்ரெஸ்டில் கீறல் போட்டால் நரம்பின் மேலேயே போட்டதாகும். கீறலை நாக்குப் பக்கம் தள்ளுங்கள்.

#19 பல்லாங்குழி

எங்கள் ஊரில் எல்லோருக்கும் சிபிசிடி எழுத முடியாது சார். ஓபிஜி மட்டும் வைத்து இம்பிளான்ட் வைப்பவர்கள் என்ன செய்வது?

#20 டார்க்_35

கண்ணால் அளக்காதீர்கள், அது முதல் விதி. ஓபிஜி பெரிதாக்கிக் காட்டும், அதுவும் தலை நின்ற நிலையைப் பொறுத்து. 5 மி.மீ. ஸ்டீல் குண்டை மெழுகில் பதித்து 36 இடத்தில் மேட்டின் மேல் வைத்து எடுங்கள். படத்தில் குண்டு 6.25 மி.மீ. என்றால் பெருக்கம் 1.25. மேட்டிலிருந்து கேனால் வரை படத்தில் 15 மி.மீ. என்றால் நிஜத்தில் 15ஐ 1.25ஆல் வகுத்தால் 12. அதில் 2 போனால் 10. குண்டை உயரத்தில் அளங்கள், பக்கவாட்டில் அளக்காதீர்கள், கிடைமட்டப் பெருக்கம் வேறு. குண்டு நீள்வட்டமாக வந்திருந்தால் பேஷண்ட் ஃபோக்கல் ட்ரஃப்பில் (படம் தெளிவாக விழும் பகுதி) நிற்கவில்லை என்று அர்த்தம்.

இவ்வளவும் செய்தால் உயரம் கிடைக்கும். அகலமும் கிடைக்காது, மேலே ஓடும் கிளையும் தெரியாது. இந்தக் கேஸே சாட்சி. உயரம் இழுபறியாக இருந்தால் ஸ்கேன் எழுதுங்கள், தாராளமாக இருந்தால் வேண்டாம்.

வைத்த பிறகு ஒரு வேலை உண்டு. மரப்பு தெளிந்திருக்க வேண்டிய நேரத்தில், ஆறேழு மணி நேரம் கழித்து, பேஷண்டைப் போனில் கூப்பிட்டு உதடு சரியாகிவிட்டதா என்று கேளுங்கள். இன்னும் மரத்திருந்தால் "பார்க்கலாம், சரியாகிவிடும்" என்று வாரக்கணக்கில் இழுக்காதீர்கள். இம்பிளான்ட் கேனாலைத் தொடுகிறது என்று தெரிந்தால் முதல் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவதே நரம்புக்கு வாய்ப்பு.

#21 பழைய_ஃபிலிம்

இரட்டை, கிளை என்று தேடும் கண்ணுக்கு ஒரு எச்சரிக்கை. அகலமான கேனால் எல்லாம் வேரியேஷன் அல்ல. ஒரு பக்கம் மட்டும் கேனால் உப்பி, கரை மெலிந்து, அங்கே பல் காரணமில்லாமல் ஆடி, ஈறு ஓரம் தானாக இரத்தம் கசிந்தால் தமனி-சிரைக் கோளாறு இருக்கலாம். அங்கே பல்லைப் பிடுங்குவது உயிருக்கே ஆபத்து. பயாப்ஸியும் வேண்டாம், முதலில் சிடி ஆஞ்சியோகிராம். கேனால் அகன்று முகவாய் மரத்துப்போய் வருகிறவருக்கு நரம்புக் கட்டி, நரம்பு வழியாகப் பரவும் புற்று இரண்டையும் தள்ளிவைக்காமல் "பைஃபிட்" என்று எழுதக் கூடாது. வேரியேஷன் மரக்கச் செய்யாது.

#22 நிழல்படம்

டார்க்_35 சார், துணை ஃபொராமென் தேடினேன். இடது மென்டல் ஃபொராமென் ஒன்றுதான். கன்னப்பக்கம் வேறு துளை இல்லை. கிளை 35க்குக் கீழே மஜ்ஜையில் மங்குகிறது.

ரிப்போர்ட்டை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"வலம்: கேனால் ஒன்று. ஓபிஜியில் தெரியும் இரண்டாவது கோடு மைலோஹயாய்டு க்ரூவ். இடம்: மெயின் கேனாலிலிருந்து இரண்டு கிளைகள். அ) 38க்குப் பின்னால் ரெட்ரோமோலார் கிளை, விட்டம் 0.9 மி.மீ., மேட்டில் துளையாகத் திறக்கிறது, பின்கீறலின்போது கவனம். ஆ) 37 பகுதியில் பிரிந்து மெயினுக்கு மேலே முன்னோக்கி ஓடும் கிளை, விட்டம் 1.1 மி.மீ., 35க்குக் கீழ் வரை தெரிகிறது, திரும்பச் சேரவில்லை. துணை மென்டல் ஃபொராமென் இல்லை. 36 நடுவில் க்ரெஸ்டிலிருந்து கிளைக்கு 11.9, மெயினுக்கு 14.6 மி.மீ. 38இன் வேருக்கும் மெயின் கேனாலுக்கும் நடுவே எலும்பு உள்ளது, மிகக் குறைந்த இடத்தில் 1.2 மி.மீ."

#23 வோக்சல்காரன்

நன்றாக இருக்கிறது. இரண்டு கிளையும் தெரியும் ஸ்லைஸைப் படமாக ஒட்டுங்கள், ஸ்லைஸ் எண்ணோடு. சிடி வட்டில் முழு டைகாமையும் (ஸ்கேனின் மூலக் கோப்பு) போடுங்கள், ஸ்க்ரீன்ஷாட் மட்டும் கொடுத்தால் சர்ஜன் எதையும் திருப்பிப் பார்க்க முடியாது.

#24 டார்க்_35

11.9ஐ எங்கிருந்து அளந்தீர்கள்? மேட்டின் கூர்முனையிலிருந்தா? ஆறு வருடம் பல் இல்லாத இடம், முனை கத்தி போல இருக்குமே.

#25 நிழல்படம்

முனையிலிருந்துதான் சார். முனையில் அகலம் 2.8 மி.மீ. 1.5 மி.மீ. கீழே இறங்கினால்தான் 6.5 வருகிறது.

#26 டார்க்_35

அந்த 1.5ஐச் சர்ஜன் தேய்த்துவிடுவார். அப்புறம் கிளைக்கு 10.4, மெயினுக்கு 13.1. உங்கள் ரிப்போர்ட்டை நம்பி ஒருவர் 10 மி.மீ. வைத்தால் ட்ரில் முனை கிளைக்குள் போய்விடும். 8 என்றால் முனையோடு சேர்த்து 9, கிளைக்கு 1.4 மிச்சம், மெயினுக்கு 4க்கு மேல்.

#27 எலிவேட்டர்

8க்கு நானும் சரி. கிளைக்கு 2 விட வேண்டும் என்பதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. :)

#28 நிழல்படம்

மாற்றிவிட்டேன். "36: முனையிலிருந்து கிளைக்கு 11.9; 6.5 மி.மீ. அகலம் கிடைக்கும் மட்டத்திலிருந்து கிளைக்கு 10.4, மெயினுக்கு 13.1." இம்பிளான்ட் நீளத்தை நான் எழுதவில்லை, அது வைப்பவர் முடிவு. 38க்கான 1.2 மி.மீ.யையும் வால்யூமை நேராக்கிய பிறகு மறுபடி அளந்தேன், 1.0தான் வருகிறது.